மின்காருக்கு எந்தச் சார்ஜர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பாலக்கோட்டில் சொந்த வீட்டில் வசிக்கும் பள்ளி ஆசிரியர் நான். வேலைக்குப் போய் வர நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் ஆகிறது. 30 யூனிட் கொள்ளளவு பேட்டரி உள்ள மின்கார் ஒன்றை முன்பதிவு செய்திருக்கிறேன். கார் விற்பனையாளர் 7.2 கிலோவாட் சார்ஜர் போதும் என்கிறார். மின்சாதனக் கடைக்காரரோ 11 கிலோவாட் வாங்கினால் இன்னும் சீக்கிரம் நிரம்பும் என்கிறார். எங்கள் வீட்டில் ஒருமுனை இணைப்புதான் உள்ளது. எதை வாங்குவது?

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தைப் பேட்டரி ஏற்கும் டிசி மின்சாரமாக மாற்றும் கருவி காருக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அதை ஆன்போர்டு சார்ஜர் என்பார்கள். நாம் சுவரில் மாட்டும் பெட்டி, எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்பதைக் காருக்குத் தெரிவித்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பாதுகாப்பாகத் திறந்துவிடும் வேலையை மட்டுமே செய்கிறது. ஆகவே சுவர்ப் பெட்டியின் மேல் எந்த எண் அச்சிடப்பட்டிருந்தாலும், ஆன்போர்டு சார்ஜர் தாங்கும் அளவுக்கு மேல் ஒரு வாட் கூடப் பேட்டரிக்குள் போகாது. ஒரே காரின் விலை குறைந்த வகையில் 3.3 கிலோவாட்டும், உயர்ந்த வகையில் 7.2 கிலோவாட்டும் இருப்பது உண்டு என்பதால், நீங்கள் முன்பதிவு செய்த வகைக்கு உரிய எண் எது என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது கடைக்காரர் சொன்ன 11 கிலோவாட் பெட்டிக்கு வருவோம். அது மும்முனை மின்சாரத்தில் இயங்குவது. ஒவ்வொரு முனையிலும் 16 ஆம்பியர் வீதம் மூன்றையும் சேர்த்தால்தான் 11 கிலோவாட் வருகிறது. நம் நாட்டில் விற்கும் பல கார்களில் உள்ள 7.2 கிலோவாட் ஆன்போர்டு சார்ஜரோ ஒரு முனையிலிருந்து மட்டுமே, 32 ஆம்பியர் வரை எடுக்கும். இந்த இரண்டையும் இணைத்தால் காருக்குக் கிடைப்பது ஒரு முனையின் 16 ஆம்பியர் மட்டுமே, அதாவது ஏறத்தாழ 3.7 கிலோவாட். கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய பெட்டி, விலை குறைந்த 7.2 கிலோவாட் பெட்டியின் பாதி வேகத்தில்தான் உங்கள் காரை நிரப்பும். மும்முனையில் 11 கிலோவாட் ஏற்கும் ஆன்போர்டு சார்ஜர் உள்ள கார்களும் சந்தைக்கு வந்துள்ளன. அத்தகைய காரை வாங்குபவருக்கு அந்தப் பெட்டி பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது.

அடுத்து, உங்களுக்கு உண்மையில் எவ்வளவு வேகம் தேவை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சிறிய மின்கார் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடும் என்று கொண்டால், 50 கிலோமீட்டருக்கு 7 யூனிட் செலவாகும். சார்ஜ் ஏறும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 8 யூனிட் ஓடும். காருடன் தரப்படும் 15 ஆம்பியர் கையடக்கச் சார்ஜர் மணிக்கு 3 யூனிட்டுக்கு மேல் தரும் என்பதால், இரவு பத்து மணிக்குச் செருகினால் ஒரு மணிக்குள் அன்றைய செலவு ஈடாகிவிடும். பேட்டரி முழுக்கக் காலியாகி நிற்கும் நாளில்கூடப் பத்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். உங்கள் பயணத்துக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தமிழ்நாட்டில் ஒருமுனை இணைப்பு 4 கிலோவாட் மின்பளு வரைக்குமே தரப்படுகிறது. 7.2 கிலோவாட் சார்ஜர் பொருத்த வேண்டுமானால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்து, கூடுதல் பளுவுக்கான கட்டணம் செலுத்தி, மும்முனை இணைப்பாக மாற்ற வேண்டும். 3.3 கிலோவாட் என்றால் இருக்கும் இணைப்பிலேயே முடியும். ஆனால் கார் சார்ஜ் ஆகும் நேரத்தில் கீசரும் தண்ணீர் மோட்டாரும் ஓடினால் வரம்பு மீறும். ஆகவே வீடு உறங்கிய பிறகு சார்ஜ் தொடங்கும்படி காரிலேயே நேரம் குறித்து வையுங்கள்.

சேமிக்கும் பணத்தில் ஒரு பகுதியை வயரிங்குக்குச் செலவிடுங்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். இஸ்திரிப் பெட்டி பத்து நிமிடம் இழுக்கும் மின்சாரத்தைக் கார் மணிக்கணக்கில் இடைவிடாமல் இழுக்கிறது. பழைய சாக்கெட்டின் தளர்ந்த பிடியில் அந்த வெப்பம் சேர்ந்து, பிளாஸ்டிக் உருகித் தீப்பற்றும் நிலைவரை போகலாம். மீட்டர் பெட்டியிலிருந்து நேராக, வேறு எதற்கும் கிளை பிரியாத தனி வயரை 4 சதுர மில்லிமீட்டர் செம்பில் இழுத்து, அதற்கென்று தனி எம்சிபியும் (பளு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) வைத்து, தொழிற்கூடங்களில் காணும் நீல நிற வட்ட சாக்கெட்டைப் பொருத்தச் சொல்லுங்கள். கையடக்கச் சார்ஜரின் செருகி அதில் பொருந்தாவிட்டால் நல்ல தரமான 16 ஆம்பியர் சாக்கெட் போதும். இடையில் அடாப்டரோ எக்ஸ்டென்ஷன் பெட்டியோ கூடவே கூடாது. பிற்காலத்தில் 7.2 கிலோவாட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இப்போதே 6 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டுவிடுவது நல்லது. சுவரை இரண்டாம் முறை உடைக்க வேண்டியிராது.

மின்கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள். மாதம் 25 நாள் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் கூடும். வீட்டுக் கட்டணம் அடுக்கு முறையில் கணக்கிடப்படுவதால், இந்தக் கூடுதல் யூனிட்டுகள் உங்கள் வீட்டின் உச்ச அடுக்கில்தான் சேரும். சென்ற ஆண்டின் ரசீதுகளை எடுத்து வைத்து, 400 யூனிட்டைக் கூட்டி, புதிய தொகையைப் பாருங்கள். அப்படியும் பெட்ரோல் செலவைவிடக் குறைவாகவே வரும்.

கேள்வி: கிருஷ்ணகிரி நகரில் வசிக்கிறோம். சென்ற மழைக்காலத்தில் வாங்கிய காரின் சார்ஜர் நன்றாக வேலை செய்தது. பங்குனி பிறந்ததிலிருந்து சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. எலக்ட்ரீஷியன் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சிறு வயரால் இணைத்துவிட்டார். இப்போது சார்ஜ் ஏறுகிறது. இது சரியா?

பதில்: சரியில்லை. இன்றே அந்த வயரை எடுக்கச் சொல்லுங்கள்; அதுவரை காரை வீட்டில் செருகாதீர்கள். வீதியில் எங்கோ நியூட்ரல் கம்பி அறுந்தால், அந்தச் சிறு வயர் வழியாக 230 வோல்ட் மின்சாரம் நேராக உங்கள் கார் உடம்புக்கு வந்துவிடும். டயர்கள் ரப்பர் என்பதால் அது தரையில் இறங்காது. கதவைத் தொடும் ஆளின் வழியாக இறங்கும்.

சார்ஜர் பழுதாகவில்லை. எர்த் சரியில்லை என்று கண்டுபிடித்து உங்களைக் காப்பதற்காகவே அது நின்றது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் பல இடங்களில் மேல்மண் சில அடிதான். கீழே கருங்கல் பாறை. மழைக்காலத்தில் ஈரம் இருக்கும் வரை எர்த் குழி வேலை செய்யும். கோடையில் மண் காய்ந்ததும் அதன் மின்தடை பலமடங்கு ஏறி, குழி பெயரளவுக்கே இருக்கும். விளக்கும் விசிறியும் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் எர்த்தைச் சோதித்துவிட்டே தொடங்கும் கார் சார்ஜர்தான் முதலில் காட்டுகிறது.

முதலில் சாக்கெட்டில் எர்த் வயர் உண்மையாகவே இணைக்கப்பட்டிருக்கிறதா, பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கச் செய்யுங்கள். பிறகு மல்டிமீட்டரால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட் காட்டினால் கவலையில்லை. பத்து, இருபது என்று ஏறினால் குழியையோ நியூட்ரல் இணைப்பையோ கவனிக்க வேண்டும். எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் குழியின் மின்தடையை நேரடியாகவே அளந்து சொல்வார். பழைய கரி, உப்புக் குழியாக இருந்தால் குழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். ஆனால் கோடை முழுவதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பது நிலையான தீர்வாகாது. ஈரத்தைப் பிடித்து வைக்கும் பெண்டோனைட் களிமண் நிரப்பிய புதிய குழி ஒன்றை, குளியலறைத் தண்ணீர் பாயும் பக்கமோ தென்னை மரத்தடியிலோ போட்டு, பழைய குழியோடு இணைக்கலாம். பாறை தடுத்து ஆழமாகத் தோண்ட முடியாத மனையில், அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் நீளவாக்கில் வாய்க்கால் எடுத்து, செம்புப் பட்டையையோ துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையையோ புதைக்கும் முறையும் உண்டு. நில இணைப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3043 இதை ஏற்கிறது. கல் நிலத்தில் வீடு கட்டியிருப்பவர்கள் சார்ஜருக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கை எர்த்துக்கு ஒதுக்குவது நல்லது.

கேள்வி: பென்னாகரம் அருகே தோட்டத்து வீடு. பம்புசெட்டுக்கு மும்முனை இலவச மின்சாரம் இருக்கிறது. அதிலேயே காருக்குச் சார்ஜர் போடலாமா?

பதில்: போடக்கூடாது. ஒரு பயனுக்கென்று தரப்பட்ட மின்சாரத்தை வேறு பயனுக்கு எடுப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்க அதில் இடமுண்டு. உழவர்கள் போராடிப் பெற்ற சலுகை அது. ஒரு காருக்காக அதன்மேல் பழி வர இடம் தர வேண்டாம். தோட்டத்து வீட்டுக்குத் தனி வீட்டு இணைப்பு இருந்தால் அதிலிருந்தே சார்ஜ் செய்யுங்கள்.

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாம்பழ வியாபாரம் செய்கிறேன். பருவத்தில் அடிக்கடி சென்னைக்கும் சேலத்துக்கும் போக வேண்டியிருக்கிறது. கிடங்கிலேயே டிசி ஃபாஸ்ட் சார்ஜர் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஒரே காருக்காக அது வேண்டாம். டிசி சார்ஜர், மாற்றும் கருவியைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு, காரின் ஆன்போர்டு சார்ஜரைத் தவிர்த்து நேராகப் பேட்டரிக்கு அனுப்புகிறது. வேகத்துக்கும் விலைக்கும் அதுவே காரணம். 30 கிலோவாட் கருவிக்கே பல லட்சம் ஆகும். அந்த அளவு மின்பளுவுக்கு ஒவ்வொரு மாதமும் நிலைக்கட்டணமும் கட்ட வேண்டும். கிடங்கில் மும்முனை இணைப்பு இருந்தால், உங்கள் காருக்குப் பொருந்தும் 7.2 கிலோவாட் ஏசி சார்ஜரே போதும். அது ஒரே முனையில் 32 ஆம்பியர் இழுக்கும் என்பதால், கிடங்கின் மற்றப் பளுவை ஏனைய இரு முனைகளுக்கு மாற்றிப் பிரிக்கச் சொல்லுங்கள். இரவில் நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள். சென்னைப் பயணத்தில் வழியில் ஒரு முறை டிசியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

வழியில் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றுக்குரிய சிசிஎஸ்2 வகைக் கன் (காரில் செருகும் கேபிளின் முனை) அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய சில மாடல்கள் மட்டுமே ஜிபி/டி கன் கேட்கும். உங்கள் கார் 50 கிலோவாட்தான் ஏற்கும் என்றால் 120 கிலோவாட் நிலையத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் இரண்டு கன் உள்ள 60 கிலோவாட் கருவியில் பக்கத்துக் கன்னில் வேறு கார் நின்றால், பல இடங்களில் மின்சாரம் பாதியாகப் பிரியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டியதும் வேகம் தானாகவே குறையும்; அடுத்த நிலையம் எட்டும் தூரத்தில் இருந்தால் அந்த அளவிலேயே கன்னை எடுத்துவிட்டுக் கிளம்புவது, உங்களுக்கும் பின்னால் காத்திருப்பவருக்கும் நல்லது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயில் ஏற்றம் இருக்கிறது. போனதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓசூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு. என் வாகன நிறுத்துமிடத்தில் சார்ஜர் வைக்கச் சங்கத்தார் தயங்குகிறார்கள். என்ன சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது?

பதில்: சொந்த வீட்டின் இருக்கும் இணைப்பிலிருந்தே காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது; அதன் நகலைக் கொடுங்கள். ஆயினும் சங்கத்தாரின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. பத்துக் கார்கள் ஒரே நேரத்தில் 7 கிலோவாட் இழுத்தால் கட்டடத்தின் முதன்மைக் கேபிள் தாங்காமல் போகலாம். ஆகவே உங்கள் ஒருவருக்கு மட்டும் அனுமதி கேட்காமல், மின்கார் வாங்கும் எண்ணமுள்ள எல்லோரையும் சேர்த்து, மின் ஒப்பந்ததாரரை அழைத்து மொத்தப் பளுவைக் கணக்கிடச் செய்யுங்கள். ஒவ்வொருவரும் 3.3 கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்வதாக எழுதிக் கொடுக்கலாம்; அல்லது கிடைக்கும் மின்சாரத்தைக் கார்களுக்கிடையே தானாகப் பங்கிடும் வசதியுள்ள சார்ஜர்களையே எல்லோரும் வாங்கலாம். வயர் உங்கள் சொந்த மீட்டரிலிருந்து புறப்பட வேண்டும். பொதுவிளக்கு மீட்டரிலிருந்து எடுத்தால் பூசல் நிச்சயம். மீட்டர் அறையிலிருந்து நிறுத்துமிடம் வெகுதூரம் என்றால் ஒரு படி தடித்த வயர் தேவைப்படும். அந்த நீளத்தை அளந்த பிறகே ஒப்பந்ததாரரிடம் விலை கேளுங்கள்.