பணம் பெற்ற ரசீதுகளை வங்கிக் கணக்கு அறிக்கையோடு பொருத்துவது எப்படி? தொகையை வைத்துத் தேடினால் பாதிதான் சேருகிறது

மாதம் சுமார் 300 ரசீதுகள், எக்செலில் தொகையை வைத்துத் தேடிப் பொருத்துகிறீர்கள், பாதி சேருகிறது, மீதி தொங்கி நிற்கிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். தொங்கி நிற்பவை என்றாவது கண்ணில் பட்டே தீரும். சேர்ந்துவிட்டதாக நினைத்து டிக் போட்ட வரிகள்தான் எனக்குக் கவலை தருகின்றன.

காரணம் சொல்கிறேன். ஒரு சங்கத்துக்குச் சில ஆண்டுகள் கணக்கு எழுதினேன். எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே சந்தாத் தொகை. ஒருவர் காசோலை கொடுத்தார். ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, காசோலையைக் கோப்பில் வைத்தவன் வங்கியில் செலுத்த மறந்துவிட்டேன். அதே வாரத்தில் இன்னொரு உறுப்பினர் அதே தொகையை நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருந்தார். அவருக்கு ரசீது எழுதவில்லை. மாத முடிவில் என் ஏட்டில் ஒரு ரசீது, அறிக்கையில் ஒரு வரவு, தொகை ஒன்றே. டிக் போட்டேன். வித்தியாசம் பூஜ்யம் என்று வந்தது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு அந்தப் பூஜ்யத்துக்குள் உட்கார்ந்திருந்தன.

சில மாதங்கள் கழித்து, பணம் அனுப்பிய அந்த இரண்டாவது உறுப்பினருக்கு நிலுவைக் கடிதம் போய்விட்டது. வயதானவர். பணம் அனுப்பியதற்கான சீட்டை எடுத்துக்கொண்டு நேரில் வந்து மேசைமேல் வைத்தார். ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. அன்று நான் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. கோப்பில் கிடந்த காசோலையும் அதற்குள் காலாவதியாகியிருந்தது.

ஆகவே, தொகை ஒத்துப்போவதைச் சான்றாக எடுக்காதீர்கள். அதை ஒரு வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது குறிப்பு எண். அது இல்லையென்றால் அனுப்பியவரின் பெயர் அல்லது கணக்கு எண். பிறகு தேதி. இவற்றில் ஏதாவது ஒன்றாவது தொகையோடு சேர்ந்து ஒத்துப்போக வேண்டும். தொகை மட்டும் ஒத்துப்போனால், அந்தத் தொகை அந்த மாதத்தில் இரண்டு பக்கத்திலும் ஒரே ஒரு முறை வந்திருந்தால்கூட, நான் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவேனே தவிர டிக் போடமாட்டேன்.

குறிப்பு எண் பணம் வந்தபின் தேடுகிற பொருளாக இருக்கக்கூடாது. பணம் கேட்டுப் பட்டியல் (பில்) அனுப்பும்போதே ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, பணம் அனுப்பும்போது அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எண் முதலில், பெயர் பிறகு. அறிக்கையில் விவரக் குறிப்பு நீளம் போதாமல் பாதியில் வெட்டுப்படுவது உண்டு. வெட்டுப்படுவது பெயராக இருக்கட்டும். உங்கள் வங்கி ஐஎஸ்ஓ 20022 என்ற, வங்கித் தகவல்களுக்கான சர்வதேசத் தரத்தில் அறிக்கைக் கோப்பு தருமா என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் தரத்தில், அனுப்புபவர் இடும் அடையாளத்துக்கென்றே 35 எழுத்துகள் வரை கொள்ளும் தனி இடம் இருக்கிறது. அச்சிட்ட அறிக்கையைப் பார்த்து மறுபடி தட்டெழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

எக்செலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது பலரைக் கவிழ்த்திருக்கிறது. எண்ணாக உள்ளிட்டதில் அது 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 16ஆம் இலக்கம் முதல் எல்லாம் பூஜ்யமாகிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்களும் போய்விடும். அப்படியானால், கடைசி இலக்கங்களில் மட்டும் வேறுபடும் இரண்டு நீண்ட குறிப்பு எண்கள் ஒரே எண்ணாக மாறி நிற்கும். நீங்களும் நம்பிக்கையோடு டிக் போடுவீர்கள். கோப்பைத் திறந்தபின் மாற்றினால் பயனில்லை, இலக்கங்கள் ஏற்கெனவே அழிந்திருக்கும். கோப்பை எக்செலுக்குள் கொண்டுவரும் கட்டத்திலேயே குறிப்பு எண் உள்ள பத்தியை (column) உரை (Text) என்று குறித்துவிடுங்கள்.

உங்களுக்குச் சேராத பாதியில் பெரும்பகுதி கார்டு வழியாக வந்த பணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பல பேரின் பணம் மொத்தமாக, கட்டணம் கழித்து, திருப்பிக் கொடுத்தவையும் கழிந்து, ஒரே வரியாக வரவாகும். அந்த ஒரு வரிக்கு எதிரே எந்தெந்த ரசீதுகள் என்று கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். 20 ரசீதுகள் இருந்தால் அவற்றைச் சேர்க்கும் விதங்கள் 10,48,575. அவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை அதே கூட்டுத்தொகையைத் தரக்கூடும், எது உண்மை என்று கணக்கு சொல்லாது. பணத்தைத் திரட்டி அனுப்பும் நிறுவனம் ஒவ்வொரு தொகுப்புக்கும் பிரிப்பு விவரம் வைத்திருக்கும். அதை வாங்குங்கள். ரசீதுகளை முழுத் தொகைக்கு வரவு வைத்து, கட்டணத்தைத் தனிச் செலவாக எழுதினால் நிகரத் தொகை அந்த வரியோடு தானாகச் சேரும்.

தேதியில் விட்டுக்கொடுக்கலாம். ரசீது ஒரு நாள், வங்கி வரவு வேறு நாள் என்பது இயல்புதான். காசோலையானால் இன்னும் தள்ளிப்போகும். முன்னும் பின்னுமாகச் சில நாள்கள் இடைவெளி வைத்துத் தேடுங்கள். மாத எல்லையைத் தாண்டுபவை வங்கிச் சரிகட்டும் பட்டியலில், அதாவது ஏட்டுக்கும் அறிக்கைக்கும் இடையே சேராமல் நிற்பவற்றை எழுதிவைக்கும் பட்டியலில் ஏறி, அடுத்த மாதம் பெயரோடு இறங்க வேண்டும். போன மாதம் ஏறியது இந்த மாதமும் இறங்கவில்லை என்றால் போய்க் கேளுங்கள். கோப்பில் கிடந்த என் காசோலை அப்படித்தான் வெளியே வந்திருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு சிறு வித்தியாசம் மிஞ்சினால் அதை 9 ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்: 5,640 என்பதை 5,460 என்று எழுதினால் வித்தியாசம் 180. வித்தியாசத்தில் பாதி ஏதாவது ஒரு ரசீதின் தொகையாக இருந்தால், பற்று வரவு மாறி எழுதியிருப்பீர்கள். வங்கியின் அறிக்கையில் வரவாக இருப்பது நம் ஏட்டில் பற்று என்பதால் புதிதாக எழுதுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

யாருடையது என்றே தெரியாத வரவு வந்தால், ஆள் தெரியும்வரை தற்காலிகமாக வைக்கும் அனாமத்துக் கணக்கில் (suspense account) வைத்து, தேதியையும் அறிக்கையில் உள்ள குறிப்பை எழுத்துப் பிசகாமலும் எழுதுங்கள். அந்தக் கணக்கில் ஏதாவது இருக்கும்வரை யாருக்கும் நிலுவைக் கடிதம் அனுப்பாதீர்கள். நான் இதை மட்டும் விதியாகவே வைத்திருக்கிறேன்.

இன்று தொடங்குவதென்றால், ஒரே தொகை இரண்டு முறையோ அதற்கு மேலோ வரும் வரிகளை மட்டும் வடிகட்டி எடுங்கள். அவற்றில் போட்ட டிக்குகளை எல்லாம் அழித்துவிட்டு, பெயரையும் குறிப்பு எண்ணையும் பார்த்து மறுபடி போடுங்கள். தொங்கி நிற்கும் பாதியை அதன்பிறகு எடுத்தால் போதும்.