வாங்கும்போதே மாற்றியிருந்த கார்: வழக்கு யார் தலையில்?

கேள்வி: எட்டு மாதம் முன்பு கோவையில் பழைய கார் விற்கும் கடை ஒன்றில் 2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 வாங்கினேன். ஸ்டேஜ் 2 ரீமேப் (பவரைக் கூட்ட எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றுவது), கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம், சுருக்கமாகக் ‘கேட்’) இல்லாத டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையைக் கொண்டுபோகும் குழாய்), ரிமோட்டில் திறந்து மூடும் வால்வு சைலன்சர் எல்லாம் முந்தைய உரிமையாளர் போட்டவை. வெள்ளைக் காரின் மேல் சாம்பல் நிற ரேப் (நிறப் படலம்) ஒட்டியது மட்டும் நான். போன வாரம் அவிநாசி சாலையில் போக்குவரத்துப் போலீசார் நிறுத்தி மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4), 190(2), 194எஃப் என்று மூன்று பிரிவுகளில் இ-சலான் போட்டார்கள். இப்போது பதிவை ஏன் இடைநிறுத்தக் கூடாது என்று கேட்டு ஆர்.டி.ஓ. நோட்டீஸும் வந்துவிட்டது. நான் செய்யாத மாற்றத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு? ரீமேப்பை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமா? அடுத்த மாதம் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும், இதையெல்லாம் சொல்ல வேண்டுமா?

பதில்: சலான் தொகையை இப்போதே ஆன்லைனில் கட்டிவிடாதீர்கள். மூன்று பிரிவுகளுக்கும் விளைவு வெவ்வேறு. ‘நான் செய்யவில்லை’ என்ற உங்கள் வாதமும் அவற்றில் ஒன்றில்தான் எடுபடும்.

எடுபடும் இடம் 182ஏ(4). அந்தப் பிரிவு தண்டிப்பது, வாகனத்தின் உரிமையாளராக இருந்துகொண்டு, சட்டம் அனுமதிக்காத முறையில் அதை மாற்றுபவரை. தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். டவுன்பைப், ரீமேப், சைலன்சர் என்று தனித்தனியாக எண்ணினால் 15,000. ஆனால் மாற்றிய அன்று உரிமையாளர் நீங்கள் அல்ல. கடையின் பில், உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றின் தேதி, விற்பனை விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இவை மூன்றும் உங்கள் சாட்சி. விளம்பரத்தில் ‘ஸ்டேஜ் 2’ என்று இருந்தால் காரை வாங்கும்போதே மாற்றம் இருந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. ஸ்கிரீன்ஷாட்டை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63(4)-இன்படி மின்னணுச் சான்றுக்கான சான்றிதழும் இணைக்க வேண்டும். அது இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை எதிர்த்தரப்பு எளிதில் தள்ளிவிடும்.

190(2)-இல் இந்த வாதம் செல்லாது. சாலைப் பாதுகாப்பு, ஒலி, காற்று மாசு தொடர்பான தரங்களை மீறிய வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுபவரே அங்கு குற்றவாளி. யார் மாற்றினார் என்ற கேள்வியே எழாது. முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், அதோடு ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்று மாதத் தகுதி நீக்கம். வழக்கு நடத்தாமல் முடித்துக்கொள்ளும் சமரசக் கட்டணம் கட்டினால் கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பின் பிரிவு 200 அப்படிச் சொல்லவில்லை. கட்டிய பிறகும் அது முதல் குற்றமாகக் கணக்கில் நிற்கும். 206(4)-இன் கீழ் உரிமத்தைப் பறித்து அனுப்பும் நடவடிக்கையும் நிற்காது. கட்டுவதற்கு முன் யோசியுங்கள் என்று சொன்னது இதனால்தான்.

ஒலி விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காதுக்குச் சத்தமாக இருந்தது என்பது தரமீறலுக்குச் சான்று ஆகாது. ஒன்பது இருக்கை வரையான பயணிகள் காருக்கு உற்பத்தி நிலையில் 74 டெசிபல் என்ற வரம்பு இருக்கிறது. அது ஓடும் வண்டியைக் குறிப்பிட்ட தூரத்தில் மைக் வைத்து அளக்கும் சோதனைக்கு உரியது. சலானில் மீட்டர் அளவு, கருவி விவரம் எதுவும் இல்லையென்றால் விர்ச்சுவல் கோர்ட் தளத்தில் வழக்கை எதிர்க்கிறேன் என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும், அளவை அங்கே கேட்கலாம்.

194எஃப் வேறு மாதிரி. சைலன்சர் வழியாக அல்லாமல் வேறு வழியில் புகையை வெளியேற்றும் ‘கட்-அவுட்’ பயன்படுத்தினாலே போதும், டெசிபல் அளக்கத் தேவையில்லை. முதல் முறை 1,000, அடுத்த முறை 2,000. உங்கள் வால்வு திறக்கும்போது புகை, பின்பக்க மஃப்ளரை (சத்தம் அடக்கும் பெட்டியை) சுற்றிக்கொண்டு நேர்க்குழாயில் போகிறதா, அல்லது மஃப்ளருக்கு உள்ளேயே பாதை மாறுகிறதா என்று காரை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். முதல் வகையானால் இந்தப் பிரிவில் மல்லுக்கட்டாதீர்கள், ஆயிரம் ரூபாயோடு விட்டுவிடுங்கள். ரிமோட் சாவிக்கொத்தில் தொங்குவதைப் பார்த்த அதிகாரியிடம் வால்வு எப்போதும் மூடியே இருக்கும் என்று சொல்வது வீண்.

ஆர்.டி.ஓ. நோட்டீஸ்தான் அவசரம். அது பிரிவு 53-இன் கீழ் வந்திருக்கும். உங்கள் தரப்பைக் கேட்ட பிறகே இடைநிறுத்த முடியும். குறையைச் சரிசெய்யும் வரைதான் இடைநிறுத்தம், ஆனால் இடையில்லாமல் ஆறு மாதம் தாண்டினால் பதிவே ரத்தாகும் நிலை வரும். பாதகமான உத்தரவு வந்தால் கிடைத்த 30 நாளுக்குள் பிரிவு 57-இல் மேல்முறையீடு. அந்த அளவுக்குப் போக விடாமல் நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பதிலோடு பில், தேதியுள்ள படங்கள், புதிய புகைச் சான்று மூன்றையும் இணைத்து, மோட்டார் வாகன ஆய்வாளர் ஆய்வு செய்யட்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

முதலில் மாற்ற வேண்டியது சைலன்சர் என்று ஷெட்டில் சொல்வார்கள். இல்லை, டவுன்பைப். கேட் இல்லாமல் பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 புகைத் தரம்) பெட்ரோல் கார் புகைச் சோதனையில் நியாயமாகத் தேற வழியில்லை. வரம்புகள் இவை: ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத நிலையில்) கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்., 2,500 ஆர்.பி.எம். அருகே கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம், லாம்டா (காற்று-எரிபொருள் விகித அளவு) 0.97 முதல் 1.03 வரை. இப்போது கையில் உள்ள சான்று கேட் இல்லாமலே ‘பாஸ்’ என்றால் அது எப்படிக் கிடைத்தது என்று வழக்கில் கேள்வி வரும், அதை நீங்களாக எடுத்து நீட்டாதீர்கள். கம்பெனி டவுன்பைப்பைப் பொருத்தும்போது கேஸ்கெட்டும் நட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து லாம்டா 1.03-ஐத் தாண்டும், கேட் நன்றாக இருந்தும் கார் ஃபெயிலாகும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே சோதனைக்கு விடுங்கள்.

கேட்டைப் போட்டுவிட்டு ஸ்டேஜ் 2 ஃபைலை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. அந்த ஃபைலில் பின் ஆக்சிஜன் சென்சாரின் கண்காணிப்பை அணைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் கேட் வேலை செய்யவில்லை என்று காட்டும் பி0420 கோடு வந்து எஞ்சின் விளக்கு எரியும். எனவே ஈ.சி.யூ.வில் (எஞ்சின் கணினியில்) கம்பெனி ஃபைலை ஏற்றி, அந்த வேலைக்கும் பில் வாங்குங்கள். கம்பெனி ஃபைலை ஏற்றினால் ரீமேப் செய்த தடமே போய்விடும் என்று நம்ப வேண்டாம். ஃப்ளாஷ் எண்ணிக்கை ஈ.சி.யூ.வில் நிற்கும். ஃபோக்ஸ்வாகன் குழும டீலர் கணினியில் எஞ்சின் மென்பொருளை மாற்றியதைக் காட்டும் ‘டிடி1’ குறியீடு ஏறியிருந்தால் அதுவும் போகாது. வாரண்டிக்கு அது கேடு. ஆர்.டி.ஓ.வுக்கு இன்று கார் எந்த நிலையில் இருக்கிறது என்பதே கேள்வி.

இனி, ரீமேப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? சி.சி. மாறவில்லையே என்று வாதிடுவார்கள். ஆர்.சி. ஸ்மார்ட் கார்டில் கியூபிக் கெப்பாசிட்டிக்குப் பக்கத்தில் குதிரைத்திறனுக்கும் இடம் இருக்கிறது. பிரிவு 52-இன்படி, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரத்துக்கு முரணாக ஆர்.சி. விவரம் ஆகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜெயச்சந்திரா வழக்கில் இதை உறுதிசெய்தது. எஞ்சினில் கைவைக்க அந்தப் பிரிவு விடும் வழி, சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போல வேறு ஆற்றலுக்கு மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட கிட். அதிக பவர் என்று ஆர்.சி.யில் எழுதிக்கொடுக்க வழியில்லை. செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டும் ஆசை இருந்தால், அதற்கென்று தனிக் கார் வைத்து ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றிப் போகிறவர்கள் செய்வதே பாதுகாப்பு.

ரேப் உங்கள் கைவேலை என்பதால் அதில் 182ஏ(4) வாதம் கிடையாது. ஆனால் நிறம் மாற்றக்கூடிய விவரம். ஒன்று, ரேப்பை உரித்துவிடுங்கள். அல்லது பரிவாகன் தளத்தில் வாகன மாற்றத்துக்கு விண்ணப்பித்து நிறத்தை ஆர்.சி.யில் ஏற்றுங்கள். மாற்றிய 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்று 52(3) சொல்வதால் தாமதக் கட்டணம் கேட்கலாம். கடன் நிலுவை இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். ஆலிவ் பச்சை மட்டும் கூடாது, விதி 121 அதை ராணுவத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறது.

இன்ஷூரன்ஸில் முதலில் பாலிசி உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் நபர் காப்பு பிரிவு 157-இன்படி தானாகவே உங்களுக்கு மாறும், சொந்தச் சேதக் காப்பு மாறாது. புதுப்பிக்கும் படிவத்தில் மாற்றங்களை மறைத்தால், விபத்தில் நிறுவனம் கையைக் கழுவ நீங்களே வழிசெய்து கொடுத்தது போல் ஆகும். காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு புதுப்பித்தால் சொல்வதற்கே எதுவும் இருக்காது, ஸ்பாய்லர் போன்ற ஒட்டுப் பாகங்களைக் கூடுதல் பிரீமியத்தில் பட்டியலிடலாம். இதற்கிடையே விபத்து நேர்ந்து கோரிக்கையை முழுதாக மறுத்தால் உச்ச நீதிமன்றத்தின் அமலேந்து சாஹூ (2010) தீர்ப்பைக் காட்டிக் கோரிக்கைத் தொகையில் 75 சதவீதம் வரை கேட்கலாம். நிறுவனத்துக்குப் புகார் எழுதி 30 நாளில் பதில் இல்லையென்றாலோ மறுத்தாலோ, ஓராண்டுக்குள் சென்னை இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) கட்டணமின்றிப் போகலாம்.

செலவை யாரிடம் கேட்பது? 182ஏ(1)-இன் கீழ், விதி மீறிய வாகனத்தை விற்கும் அல்லது மாற்றும் டீலருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது வாகனத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம். பிரிவு 2(8)-இல் ‘டீலர்’ என்பதில் வாகனம் பழுதுபார்க்கும் தொழில் செய்பவரும் அடக்கம், ஆகவே ட்யூனிங் ஷெட்டும் இதில் மாட்டும். ஆனால் விற்கும்போதே எந்த வகையில் மீறல் இருக்கிறது என்று வாங்குபவருக்குச் சொல்லிவிட்டதாக நிரூபித்தால் தண்டனை இல்லை. பில்லின் அடியில் பொடி எழுத்தில் ‘சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சடிப்பது இதற்காகத்தான். உங்கள் பில்லை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பி, டவுன்பைப், சைலன்சர், கம்பெனி ஃபைல் ஏற்றிய செலவைக் கேளுங்கள். தராவிட்டால் வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. கழற்றிய பாகங்களை அதுவரை விற்றுவிடாதீர்கள்.