விட்டு விட்டு வரும் கார்ச் சத்தம்: கேள்வி பதில்

இன்றைக்குக் காரில் விட்டு விட்டு வரும் சத்தங்கள் மட்டும். எந்தக் கார் வாங்கலாம், எவ்வளவு ஓடும் என்பதெல்லாம் வேறொரு நாளைக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். கேட்பதற்கு முன் ஒன்று: 'கட கட', 'டக் டக்' என்று மட்டும் எழுதினால் எனக்கு ஒன்றும் விளங்காது. எப்போது வருகிறது என்று எழுதுங்கள். பள்ளத்திலா, திருப்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா, ஏசி போட்டாலா, காலையில் மட்டுமா? கராஜ் வாசலுக்குப் போனதும் நின்றுவிடுகிற சத்தத்தை அப்படித்தான் பிடிக்க முடியும்.

கல்லடி: "அண்ணன், 2014 அக்குவா. ஒழுங்கைக்குள் மெதுவாகப் போகும்போது முன்பக்கம் லொட லொட என்கிறது. பெரிய வீதியில் ஒன்றுமே இல்லை. ஆட்டமோ ஒயில் கசிவோ இல்லை. கராஜில் ஜக் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை, ஷொக் இரண்டையும் மாற்றுவோம் என்கிறார்கள்."

மாற்ற வேண்டாம் தம்பி. காரின் குலுக்கலை அடக்குவதுதான் ஷொக். அது போனால் முதலில் ஆட்டம் தெரியும், அல்லது அதன் உடம்பில் ஒயில் வடிந்திருக்கும். இது பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க். இடது, வலது சில்லுகளை இணைக்கிற கம்பியின் நுனியில் இருக்கும் சிறு தண்டு அது. மேலும் கீழும் குண்டு மூட்டு. அந்த மூட்டுத் தேய்ந்தால் இப்படித்தான் பேசும்.

ஏன் ஒழுங்கையில் மட்டும்? ஒரு சில்லு ஏறி மற்றது இறங்கினால்தான் அந்தக் கம்பி முறுகும். இரண்டு முன்சில்லும் ஒன்றாக ஏறி இறங்கினால் லிங்குக்கு வேலையே இல்லை. ஆகவே ஒரு வேகத்தடையில் நேராக மெதுவாக ஏறிப் பாருங்கள். பிறகு திரும்பி வந்து ஒரு பக்கச் சில்லை மட்டும் அதில் ஏற்றுங்கள். முதல் தடவை அமைதி, இரண்டாம் தடவை சத்தம் என்றால் லிங்க், இல்லாவிட்டால் அந்தக் கம்பியைப் பிடித்திருக்கிற ரப்பர் புஷ். அடுத்ததாக அதே ஒழுங்கையில் பிரேக்கை லேசாகத் தொட்டபடி போங்கள். தொட்டதும் சத்தம் நின்றால் லிங்கை விட்டுவிட்டுப் பிரேக் பாட்டையும் அதை அமுக்குகிற கலிப்பரின் பின்னையும் பார்க்க வேண்டும்.

கராஜில் ஏன் பிடிபடவில்லை என்றும் சொல்கிறேன். ஒரு பக்கத்தை மட்டும் ஜக்கில் தூக்கினால் கம்பி முறுகி லிங்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த மூட்டுக்கூட ஆடாது. கார் நாலு சில்லிலும் நிற்க வேண்டும். பவரை ஓஃப் செய்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டியரிங் முழுக்கத் திரும்பியிருக்க, சில்லுக்குப் பின்னால் கைவிட்டு லிங்கைப் பிடித்து உலுக்குங்கள். தேய்ந்திருந்தால் 'டிக்' என்பது விரலிலேயே தெரியும். ஆனால் ஜக்கில் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே ஒருபோதும் தலையை விடாதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் சில தடவை சொல்வேன்.

காத்தான்குடி: "எனது ப்ரியஸில் காலையில் கதவைத் திறந்தாலே எங்கேயோ மோட்டார் ஓடுகிறது. சாவிகூடப் போடவில்லை."

அது பிரேக்குக்கு அழுத்தம் ஏற்றுகிற பம்ப். கதவைத் திறந்ததும் சில விநாடி ஓடி நின்றால் அது அதன் வழக்கம். பிரேக்கில் கால் வைக்காமல் நிற்கும்போதே சில விநாடிக்கு ஒரு தடவை ஓடி ஓடி நின்றால் அழுத்தம் எங்கோ கசிகிறது. அப்படியென்றால் எச்சரிக்கை லைட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அது பிரேக் விஷயம்.

களுவாஞ்சிகுடி: "விட்ஸ். மெதுவாகப் போகும்போது முன்பக்கம் லொட லொட. ஷொக் மாற்றவா?"

மேலே கல்லடித் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள்.

ஏறாவூர்: "வெகன் ஆர் ஹைபிரிட். சந்தியில் எஞ்சின் தானாக நின்று திரும்ப ஸ்டார்ட் ஆகும்போது 'கீச்'. மழை நாளில் இன்னும் கூடுகிறது."

உங்கள் காரில் அந்த நேரம் எஞ்சினைச் சுழற்றுவது பெல்ட். சாதாரணக் காரின் பெல்ட்டைவிட அதற்கு வேலை அதிகம். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் வரிவரியான பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சட்டென்று நின்று, காய்ந்ததும் திரும்ப வந்தால் ஏதோ ஒரு கப்பி நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மழையில் கூடுகிறது என்று நீங்களே சொல்வதால் இரண்டாவதில்தான் எனக்குச் சந்தேகம். தூரத்தில் நின்று தெளியுங்கள். பவரை ஓஃப் செய்யாமல் அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோகக் கூடாது, கேட்காமலே ஸ்டார்ட் ஆகிற எஞ்சின் அது.

செங்கலடி: "கண்டியிலிருந்து மஹியங்கனை 18 வளைவால் இறங்கி வந்தோம். மஹா ஓயாவில் வீதி வேலை நடக்கிற இடத்தைத் தாண்டியதும் ஒரு சில்லில் இரும்பை அரைக்கிற மாதிரிச் சத்தம். பிரேக் எரிந்துவிட்டதா?"

வளைவில் வராமல் சல்லிக் கற்களைத் தாண்டியபின் வந்தது என்றால் டிஸ்குக்கும் பின்னால் உள்ள தகட்டுக்கும் இடையில் ஒரு கல் மாட்டியிருக்கும். கொஞ்சம் பின்னால் எடுத்து முன்னால் விடுங்கள், அநேகமாக விழுந்துவிடும். விழாவிட்டால் சில்லைக் கழற்றிப் பாட் தேய்ந்து இரும்பில் உரசுகிறதா என்று பாருங்கள்.

அக்கரைப்பற்று: "60க்கு மேல் போனால் உறுமல். வலது பக்கம் வளையும்போது கூடுகிறது, இடது பக்கம் வளைந்தால் குறைகிறது."

இப்படி எழுதினால் எனக்கும் சந்தோஷம். வலப்பக்கம் வளையும்போது பாரம் இடப்பக்கச் சில்லுகளில் விழும். இடது பெயாரிங். முன்னா பின்னா என்பதைச் சில்லைத் தூக்கிச் சுற்றி, கொயில் ஸ்பிரிங்கில் கை வைத்துப் பாருங்கள், கரகரப்பு கைக்கு வரும். ஸ்டாண்ட் வைத்துத்தான், ஜக்கை மட்டும் நம்பி அல்ல.

வாழைச்சேனை: "அக்ஸியோ. ஏறி இறங்கும்போது கட்டில் ஆடுகிற மாதிரி 'கிறீக் கிறீக்'. மழை பெய்த அன்றைக்கு இல்லை. சேர்விஸில் கீழ்ப்பக்கம் முழுக்க ஒயில் அடித்தால் போய்விடும் என்கிறார்கள்."

பாதிச் சோதனையை மழையே செய்துவிட்டது. காய்ந்த ரப்பர் புஷ். போத்தலில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு புஷ்ஷாக நனைத்து, பொனட்டை அமுக்கிப் பாருங்கள். எதை நனைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சிலிக்கன் ஸ்பிரே போதும். ஒயில் மட்டும் அடிக்கவே வேண்டாம். சத்தம் ஒரு மாதம் போகும், பிறகு புஷ்ஷே போகும். தேத்தண்ணியில் ஊறின பாண் மாதிரி ரப்பர் ஊதி மெத்தென்று ஆகிவிடும்.

கல்முனை: "அப்படிச் சொல்லாதீங்க. எங்கட வாப்பாட மொரிஸ் மைனருக்கு ஒவ்வொரு சேர்விஸுக்கும் கழிவு ஒயில்தான் அடிச்சது. இன்றைக்கும் நிக்குது."

நிற்கட்டும் காக்கா, எனக்கும் சந்தோஷம். மொரிஸ் மைனரின் பின்பக்கம் இலை ஸ்பிரிங். இலைக்கு இலை இரும்பு உரசும், அங்கே ஒயில் பட்டால் நல்லதுதான். முன்பக்க மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிக்க நிப்பிள் இருக்கிறது. இப்போதைய கார்களில் அந்த இடமெல்லாம் ரப்பர்.

பாசிக்குடா: "நீங்கள் கடலோரத்தில் வாகனம் வைத்துப் பாருங்கள் ஐயா. ஒயில் அடிக்காவிட்டால் இரண்டு மாரியில் சைலன்சரே கையோடு வரும்."

உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது என்பதில் சண்டையில்லை. சைலன்சரின் மேலுள்ள வெப்பத் தகட்டின் நட்டுகள் துருப்பிடித்துக் கழன்று, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் 'ஜிர்ர்' என்பது நம் கரையோரத்துக் கார்களில் நான் அடிக்கடி கேட்கிற சத்தம். ஆனால் சூடான சைலன்சரில் ஒயில் அடித்தால் புகையும் நாற்றமும்தான் மிச்சம், டிஸ்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. உப்புக்கு மருந்து நல்ல தண்ணீர். மட்கார்டுக்கு உள்ளேயும் கீழேயும் அடித்துக் கழுவுங்கள், காயவிடுங்கள். பிறகு அடிப்பதென்றால் மெழுகு வகைத் துருத்தடுப்பான். ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: பெட்டி மாதிரி மூடியிருக்கும் சட்டங்களுக்குள்ளே, ரப்பர் இல்லாத இடத்தில், புது ஒயிலை மெல்லிய குழாயால் விட்டால் கெடுதல் இல்லை. கழிவு ஒயில் அங்கேயும் வேண்டாம். அதில் எஞ்சினின் அழுக்கும் அமிலமும் இருக்கிறது.

அம்பாறை: "நாங்கள் கேட்காமலே அடித்துவிடுகிறார்களே?"

காரைக் கொடுக்கும்போதே 'கழுவினால் போதும், ஒயில் வேண்டாம்' என்று சொல்லி, பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

கல்முனை: "அப்ப தேங்காய் எண்ணெய்?"

காக்கா, எலி வரும். எண்ணெய் வாசத்துக்கு வந்து வயரையும் தின்றுவிட்டுப் போகும்.

பாசிக்குடா: "மெழுகு வகை எல்லாம் வெளிநாட்டுக் கதை. எங்கள் வானைக் கொண்டுவருகிறேன், நீங்களே கீழே படுத்துப் பாருங்கள்."

ஸ்டாண்ட் வைத்தால் படுக்கிறேன். ஒயில் கதை இதோடு போதும், கீழே மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

திருக்கோவில்: "நேற்றுப் பஞ்சர் ஒட்டினேன். இன்றைக்கு மெதுவாகப் போகும்போது 'டொக் டொக்' என்கிறது. வேகமாகப் போனால் தெரியவில்லை."

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய்ச் சில்லு நட்டுகளைப் பாருங்கள். இப்போதே. கார் நிலத்தில் நிற்க, எதிரெதிர் நட்டாக இறுக்குங்கள். டொயோட்டாக்களில் பொதுவாக 103 நியூட்டன் மீட்டர். எல்லோருக்கும் சொல்கிறேன், சில்லுக் கழற்றிப் பூட்டினால் 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கையில் சில்லு கழன்றால் பிறகு என்னிடம் கேட்க ஒன்றும் இருக்காது.

பொத்துவில்: "முழுக்கத் திருப்பி எடுத்தால் 'டக் டக் டக்'."

வெளிப்பக்கச் சீவி ஜொயின்ட், அதாவது சில்லைச் சுழற்றுகிற தண்டின் நுனி மூட்டு. ரப்பர் உறை கிழிந்து, சில்லின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும்.

சம்மாந்துறை: "வெட்டு முடிந்த வயல் பாதையால் வந்தேன். கீழே சரசரப்பு, கொஞ்சம் கருகல் மணமும்."

வைக்கோல். சைலன்சரில் சுற்றியிருக்கும். காரை நிறுத்தி, சூடு ஆறியதும் ஒரு கம்பியால் இழுத்தெடுங்கள். காய்ந்த வைக்கோலுக்கு மேல் காரை நிறுத்தி வைக்கவும் கூடாது, தீப்பிடிக்கும்.

ஆரையம்பதி: "முன்பக்கம், மெதுவாக, பள்ளத்தில்..."

லிங்க். கல்லடித் தம்பியின் கேள்வி. மேலே.

வவுணதீவு: "மழைக்குப் பிறகு பிரேக் பிடித்தால் எங்கோ தண்ணீர் குலுங்குகிறது."

கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய சிறு துளைகள் இருக்கும். வெள்ளத்துச் சேறு அடைத்திருக்கும். ஈர்க்கிலால் குத்திவிடுங்கள்.

ஓட்டமாவடி: "என் த்ரீவீலரில்..."

இன்றைக்குக் கார் மட்டும் தம்பி. அதற்கு உங்கள் ஸ்டாண்டில் நிற்கிறவர்களே என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

செட்டிபாளையம்: "சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பலாமா?"

அனுப்பலாம், ஆனால் அடித்தொனிச் சத்தத்தைப் போன் சரியாக எடுக்காது. பக்கத்தில் ஒருவரை இருத்தி, 'இப்போது பிரேக்', 'இப்போது வலது', 'ஏசி ஓஃப்' என்று சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சத்தத்தைவிட அந்தப் பேச்சுத்தான் எனக்கு உதவும். அதற்கு முன் டிக்கியில் உள்ள ஜக், ஸ்பானர், சீட்டுக்குக் கீழே உருளும் தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.

காரைதீவு: "எஞ்சினுக்குள் ஆழமாக 'டங் டங்'. அக்சிலேட்டர் அமுக்கினால் கூடுகிறது. கராஜ் வரை ஓட்டலாமா?"

ஓட்ட வேண்டாம். ஓஃப் செய்து ஒயில் அளவைப் பாருங்கள். கம்பியில் ஒயில் ஒட்டவில்லை என்றால் ஊற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கிற வேலையும் வேண்டாம். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

கல்குடா: "கீழ் போல் ஜொயின்ட் நன்றாக ஆடுகிறது என்று பாஸ் சொன்னார். நாளைக்குக் கொழும்பில் கலியாணம். போய் வந்து மாற்றலாம்தானே? சத்தம் இடைக்கிடைதான் வருகிறது."

போகாதீர்கள். சில்லைக் கீழே பிடித்திருக்கிற மூட்டு அது. கழன்றால் சில்லு மடிந்து கார் வீதியில் உட்கார்ந்துவிடும். இடைக்கிடை வருகிற சத்தம் என்பதால் இடைக்கிடைதான் ஆபத்து என்று இல்லை. பஸ்ஸில் போய்க் கலியாணத்தைப் பாருங்கள், காரைப் பாஸிடமே விட்டுவிட்டுப் போங்கள்.