சைபர் வழக்குக்கு எந்த வக்கீலைப் பிடிப்பது? கேள்வி பதில்

கேள்வி: சார், என் பெயரில் யாரோ போலி இன்ஸ்டாகிராம் கணக்கு நடத்துகிறார்கள். சைபர் லாயர் என்று தனி லைசென்ஸ் உள்ளவரைத்தான் பார்க்க வேண்டுமா?

பதில்: அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. பார் கவுன்சிலில் பதிவு செய்த எந்த வக்கீலும் வாதாடலாம், சுவரில் மாட்டியிருக்கும் டிப்ளமோவைப் பார்த்து மயங்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியதும் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். எந்த போனில் எடுத்தது, அந்த போன் இன்னும் கையில் இருக்கிறதா, லிங்க் எங்கே என்று குடைந்தால் நல்ல ஆள். வெறும் பிரிண்ட் மட்டும் போதும் என்றால் யோசியுங்கள், ஏனென்றால் நகலோடு, அது எந்தக் கருவியில் எப்படி எடுத்தது என்று சொல்லும் சான்றிதழும் வேண்டும் என்று 2020ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது. இந்தச் சான்றிதழைக் கேட்பது முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் 63வது பிரிவு. வாய் தவறி 65பி என்றால் பழக்கதோஷம், விடுங்கள். ஐடி சட்டம், அதாவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கேஸ் போடலாம் என்கிறாரா? கிளம்பி வந்துவிடுங்கள், அது 2015லேயே ரத்து.

கேள்வி: அண்ணே, அக்கவுண்டிலிருந்து 2 லட்சம் போச்சு. முதலில் வக்கீலா, போலீஸா?

பதில்: வக்கீல் அப்புறம். இப்பவே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் போடுங்கள், கையோடு வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். உங்கள் மேலும் வங்கி மேலும் தப்பில்லாமல் வெளி ஆள் செய்த வேலை என்றால், 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017லேயே சொல்லியிருக்கிறது. வங்கி கையை விரித்தால் வக்கீலைப் பாருங்கள், ஐடி சட்டம் 46வது பிரிவில் மனு போட்ட அனுபவம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். 5 கோடி வரையிலான இழப்பீட்டை மாநில ஐடி துறைச் செயலரே விசாரிக்கலாம். இந்த வழியே தெரியாத வக்கீல்கள் நிறைய பேர். தமிழ்நாட்டில் 2010லேயே ஃபிஷிங்கில் (வங்கி போல நடித்து ரகசிய விவரத்தைக் கறக்கும் மோசடி) பணத்தை இழந்த ஒருவருக்கு வங்கி 12.85 லட்சம் தர வேண்டும் என்று இப்படித்தான் உத்தரவு வந்தது.

கேள்வி: ஜெயித்தால் 20 சதவீதம் கொடுங்க, இப்ப ஃபீஸ் வேண்டாம் என்கிறார். ஒத்துக்கலாமா?

பதில்: வேண்டாம். வரும் பணத்தில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது.

கேள்வி: அக்கா மகளின் போட்டோவை மார்ஃபிங் செய்துவிட்டார்கள். ஃபீஸ் கட்ட வசதி இல்லை சார்.

பதில்: மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். படத்தை நீக்கச் சொல்லி ரிப்போர்ட் அடிக்கும் முன் லிங்க், தேதி, அந்தக் கணக்கின் பெயர் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.