பத்து நாள் வழிப்போக்கர்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மார்ச் விடுமுறையில் நாங்கள் பதினான்கு பேர் டொமினிகன் குடியரசுக்குச் சேவைப் பயணம் போகிறோம். கரும்புத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் (பத்தேய் என்கிறார்கள்) பத்து நாள் தங்கி, வீடுகளுக்கு வண்ணம் அடித்து, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவோம். இதற்கு மதிப்பெண்ணும் உண்டு. ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்த மக்கள் சிரித்துக்கொண்டே இருப்பார்கள் என்று போன ஆண்டு போனவர்கள் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு என்ன பரிசு கொண்டுபோகலாம்? இப்படிப் போவதே தவறு என்கிறான் என் அறைத்தோழன். தவறா?

ம.

அன்புள்ள ம.,

போய் வாருங்கள். அறையில் உட்கார்ந்து நியாயம் பேசுகிறவனைவிட நேரில் போய்ப் பார்க்கிற பிள்ளையை எனக்குப் பிடிக்கும். பத்து நாளில் யாருக்கும் ஆங்கிலம் வராது, அதை விடுங்கள். ஆனால் 'ஒன்றுமே இல்லாவிட்டாலும் சிரிக்கிறார்கள்' என்ற வரியில் எனக்குக் கோபம் வந்தது. விருந்தாளி வந்தால் எந்த வீட்டில்தான் முகத்தைச் சுளிப்பார்கள்? அந்த மரியாதையை வறுமையோடு முடிச்சுப் போடாதீர்கள்.

வண்ணம் அடிக்கப் போகிறீர்களே, இதைக் கேளுங்கள். 1976இல் ஒரு பத்தேயில் கரும்பு வெட்டுகிறவர்கள் ஐந்து நாள் போராடினார்கள். முன்னால் நின்றவள் சோனியா பியேர் என்ற 13 வயதுச் சிறுமி. பக்கத்து நாடான ஹைட்டியிலிருந்து வந்த பெற்றோருக்கு அந்த மண்ணிலேயே பிறந்தவள். அவளைக் கைது செய்தார்கள். கூலி உயர்வு, நல்ல கருவிகள், குடியிருப்புக்கு வண்ணம்: இவைதாம் கோரிக்கைகள். எல்லாம் கிடைத்தன. சிறைக்குப் போய் உரிமையாக வாங்கியதை நீங்கள் தானமாகக் கொடுக்கப் போகிறீர்கள். பிரஷ்ஷைத் தொடுமுன், இந்தச் சுவர் யாருடையது, வண்ணம் அடிக்கவேண்டிய பொறுப்பு யாருக்கு என்று கேட்டுவிடுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் சான் பெத்ரோ தே மக்கோரிஸ் நகருக்கு வெளியே ஒரு பத்தேய்க்கு நண்பரோடு போயிருந்தேன். ஒரு முதியவர் கட்டிலுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து முடிச்சவிழ்த்தார். உள்ளே இன்னொரு பை, அதற்கும் முடிச்சு. அதற்குள் சர்க்கரை ஆலை கொடுத்த அட்டை, 'ஃபிச்சா' என்பார்கள். மூலைகள் தேய்ந்திருந்தன. படத்தில் முகம் வெளுத்துப்போய், எண் மட்டும் மிச்சம். காய்த்துப்போன விரலால் அந்த எண்ணைத் தடவித் தடவிக் காட்டினார். 40 ஆண்டு கரும்பு வெட்டியதற்கு அவரிடம் இருந்த அத்தாட்சி அவ்வளவுதான். அவர் பேத்திக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை. உங்கள் கடிதம் வந்தபோது அந்தப் பையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்நாட்டில் பிறந்தவருக்குக் குடியுரிமை உண்டு என்றுதான் அரசியலமைப்பு நெடுங்காலம் சொல்லிவந்தது. 'வழிப்போக்கில் இருப்பவர்களின்' பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. ஹைட்டியிலிருந்து கரும்பு வெட்ட வந்த தொழிலாளர்களை அதிகாரிகள் அந்தக் கணக்கில் தள்ளினார்கள். ஆனால் 1939ஆம் ஆண்டுக் குடியேற்ற விதி வழிப்போக்கருக்கு வைத்த கெடு எவ்வளவு தெரியுமா? பத்து நாள். பத்தே நாள், தம்பி! அந்தக் கெடுவுக்குள் அடங்குகிறவர் நீங்கள். 40 ஆண்டு வெட்டிய கிழவர் எப்படி வழிப்போக்கர் ஆவார்?

அமெரிக்க நாடுகளுக்கு இடையிலான மனித உரிமை நீதிமன்றமும் 2005இல், யீன், போசிகோ என்ற இரு சிறுமிகளின் வழக்கில், இப்படித்தான் கேட்டது. சான்றிதழ் இல்லாததால் அவர்களில் ஒருத்தி பெரியவர்களுக்கான மாலைப் பள்ளியில் படிக்க வேண்டியிருந்தது. அந்த வழக்குக்குப் பின்னால் நின்றதும் சோனியா பியேரின் அமைப்புதான். அவர் 2011இல் இறந்துபோனார். 2013 செப்டம்பரில் டொமினிகன் அரசியலமைப்பு நீதிமன்றம் 1929 வரை பின்னோக்கிப் போய், அங்கேயே பிறந்து வளர்ந்த லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் குடியுரிமையைப் பறித்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டம், பிறப்பைப் பதியாதவர்களைப் பிறந்த நாட்டிலேயே வெளிநாட்டவராகப் பதிந்துகொள்ளச் சொன்னது.

உங்கள் பாடத்திட்டத்தில் இது இருக்கிறதா? இல்லையென்றால் அந்த மதிப்பெண் எதற்கு என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

பரிசு கேட்டிருந்தீர்கள். தங்குகிற வீட்டு அம்மாவிடம் கேட்டு, அந்த ஊர்க் கடையிலேயே வாங்கிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள். யாராவது கட்டிலுக்கு அடியிலிருந்து பையை எடுத்துக் காட்டினால், அதில் என்ன இருந்தது என்பதையும் எழுதுங்கள்.