நடை, சிறுநீர், மறதி: மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் எங்களோடு இருக்கும் என் மாமனாருக்கு வயது 73. ஓராண்டாக, தரையில் பசை தடவியதுபோல் காலைத் தேய்த்து நடக்கிறார். பார்க்கின்சன் நோய் என்று கொடுத்த மாத்திரையால் பலனில்லை. இப்போது கழிவறைக்குப் போவதற்குள் சிறுநீர் போய்விடுகிறது, மறதியும் சேர்ந்துவிட்டது. வயதின் கோளாறு என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். முதலில் நடை கெட்டு, பிறகு சிறுநீர்க் கட்டுப்பாடும் நினைவும் தளர்ந்திருப்பதால், மூளையின் உள்ளறைகளில் நீர் தேங்கி அவை விரிவடையும் ‘நார்மல் பிரஷர் ஹைட்ரோகெஃபாலஸ்’ என்ற நோயாக இருக்கக்கூடும். கொலம்பியாவின் மூளை அறுவை மருத்துவர் சாலமோன் ஹக்கீம் 1965-லேயே விவரித்த நோய்தான் இது. ஆனால் நாம் நடைக்கு எலும்பு மருத்துவரையும், சிறுநீருக்கு பிராஸ்டேட் மருத்துவரையும் தனித்தனியே பார்ப்பதால், மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாமல் போகிறது.

அவர் திரும்பும்போது கவனியுங்கள். கால்களை அகட்டி வைத்து, பாதத்தைத் தூக்காமல், பல சிற்றடிகள் வைத்தே திரும்புகிறாரா? கைவீச்சு ஓரளவு இயல்பாக இருந்து, ஒரு பக்கக் கைநடுக்கமும் இல்லையென்றால், பார்க்கின்சன் என்ற முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்கலாம். அல்சைமர் நோயிலோ பெரும்பாலும் மறதிதான் முந்தும். நடை கெடுவது பிந்தியே.

எம்.ஆர்.ஐ. படத்தில் உள்ளறைகள் பெருத்திருப்பது தெரியும். எனினும் அதை மூப்பினால் வந்த மூளைச் சுருக்கம் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. அடுத்த கட்டமாக, மூளையையும் முதுகுத் தண்டையும் சூழ்ந்துள்ள அந்த நீரில் 30 முதல் 50 மி.லி. அளவைக் கீழ்முதுகில் ஊசி வழியாக எடுத்து, எடுப்பதற்கு முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். இரண்டு நடைகளையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். நடை தேறினால், மிகுதி நீரை வயிற்றுக்குள் வடிக்கும் ‘ஷன்ட்’ குழாயைப் பொருத்துவது பயன்தரும் என்று நம்பலாம். தேறாவிட்டாலும் நோய் இல்லையென்று அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது.

அறுவையால் பெரும்பாலும் நடைதான் நன்றாகத் தேறும். மறதி அந்த அளவுக்குத் தேறாது, தாமதித்தால் பலனும் குறையும். தொற்று, குழாய் அடைப்பு, மண்டையோட்டுக்குள் இரத்தக் கசிவு ஆகிய ஆபத்துகளும் உண்டு என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்தபின் முடிவெடுங்கள்.

மூளை, நரம்பு, மனநல மருத்துவத்துக்கான ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தொலைவுதான். எது எப்போது தொடங்கியது என்பதையும், இரத்தத்தை இளக்கும் மாத்திரை எதையாவது சாப்பிடுகிறாரா என்பதையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பார்க்கின்சன் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.