எந்த டேப், யார் கை?

கேள்வி: நாட் கிங் கோல், ஜூலி லண்டன், ஃபிராங்க் சினாட்ரா காலத்து மெதுவான பேலட் பாடல்கள் என்றால் எனக்கு உயிர். பழைய சி.டி.க்களை ஒதுக்கிவிட்டு 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளும் 180 கிராம் எல்.பி. இசைத்தட்டும் வாங்கினேன். கோப்பில் குரல் காதைக் குத்துகிறது. இசைத்தட்டில் ‘ஸ’ வரும் இடமெல்லாம் கிழிகிறது. ஆம்ப்ளிஃபையரை மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். இரண்டிலும் ஆம்ப்ளிஃபையரைச் சந்தேகிப்பது கடைசி வேலை.

முதலில் கோப்பு. 192 என்ற எண், ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து சேமித்தார்கள் என்பதைச் சொல்லும். எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள், எடுத்த பிறகு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாது. 1950களின் டேப்பில் மென்மைக்கும் உச்சத்துக்கும் இடையே சுமார் 60 முதல் 70 டெசிபல் வீச்சுதான் உண்டு. சி.டி.யின் 96 டெசிபலுக்குள் அது தாராளமாக அடங்கும். ஆக, உங்கள் காதைக் குத்துவது பெரும்பாலும் மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் ஒலியைச் சீராக்கும் கடைசிக் கட்டத்தில், நடந்த வேலை. முணுமுணுப்பையும் முழுக்குரலையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குத் தூக்கி, ‘தெளிவு’ என்ற பெயரில் மேல் அலைவரிசைகளை ஏற்றியிருப்பார்கள். பாடகர் மைக்கை நெருங்கி மூச்சோடு சொல்லும் சொல்லும், வயலின்களுக்கு மேல் எழும் சொல்லும் ஒரே உரப்பில் ஒலித்தால் பேலட்டில் மிச்சம் என்ன இருக்கிறது?

கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து பாருங்கள். அலைகளின் தலைகள் வரிசையாக மட்டமாக வெட்டுப்பட்டிருந்தால் சத்தத்தை ஏற்றி நசுக்கியிருக்கிறார்கள். பிறகு எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றுங்கள். டேப்பிலிருந்து நேராக எடுத்ததென்றால் இரைச்சல் 22 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியும் மெல்லத் தேய்ந்து போகும். அந்த இடத்தில் சுவர் வைத்தாற்போல் நின்றுவிட்டால், சி.டி. தரக் கோப்பை ஊதிப் பெரிதாக்கி விற்றிருக்கிறார்கள் என்றே கொள்ளலாம். பழைய சி.டி.யோடு ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமமாக்க மறக்காதீர்கள். ஒரு டெசிபல் கூடினாலே காது அதைத்தான் ‘நன்றாக இருக்கிறது’ என்று தேர்ந்தெடுக்கும்.

இன்னொரு சோதனைக்குக் காது போதும். ஹாலிவுட்டில் 1956-இல் திறந்த கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனத்தின் கட்டடத்துக்கு அடியில் கான்கிரீட் எதிரொலி அறைகள் இருக்கின்றன. குரலை அங்கே ஒரு ஸ்பீக்கருக்கு அனுப்பி, அறையில் சுழன்று வருவதை மைக்கில் பிடித்துப் பாட்டோடு கலப்பார்கள். வரியின் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். உதடு மூடிய பிறகும் எதிரொலி நீண்டு, மெலிந்து, டேப்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சலுக்குள் கரைய வேண்டும். கத்தியால் நறுக்கியதுபோல் அது பாதியில் நின்றாலோ, குரல் வரும்போது மட்டும் இரைச்சல் எழுந்து அடங்கினாலோ, இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறார்கள். இரைச்சலோடு மூச்சும் போய்விடும். அப்படிப்பட்ட மறுவெளியீட்டை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

பாட்டு தொடங்கும் முன்பே முதல் சொல் ஆவிபோல் லேசாகக் கேட்பதுண்டு. அதைக் குறையாக எண்ணித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சுருளில் அடுத்தடுத்த சுற்றுகளின் காந்தம் ஒன்றின் மேல் ஒன்று பதிவதால் வருவது அது. எல்.பி.யில் அது சரியாக 1.8 நொடி முன்னால் வந்தால் டேப் காரணமல்ல, பக்கத்துப் பள்ளம் காரணம். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அதுதான்.

வாங்கும்போது அட்டையில் தேட வேண்டியவை: எந்த டேப், மாஸ்டரிங் செய்தவர் பெயர். ‘அசல் மாஸ்டரிலிருந்து’ என்ற பொத்தாம்பொதுவான வாசகம் போதாது. 1950களின் பின்பாதியில் பல பதிவுகளை மூன்று டிராக்கில், குரலைத் தனியாக நடுவில் வைத்து எடுத்தார்கள். அந்த மூன்று டிராக் டேப்புக்கே திரும்பிப் போய்ப் புதிதாகக் கலந்தால் ஒரு முறை நகலெடுப்பதால் வரும் தரக்குறைவு மிச்சமாகிறது. நாட் கிங் கோல் பதிவுகளுக்கு மாஸ்டரிங் பொறியாளர்கள் ஸ்டீவ் ஹாஃப்மனும் கெவின் கிரேயும் செய்த எஸ்.ஏ.சி.டி.க்கள் (சி.டி.யைவிட உயர்தர ஒலிவட்டுகள்) இந்த வகை. கொடுக்கும் காசுக்குத் தகுதியானவை. மறுபக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும், ஒரு சி.டி.யை மூலமாக வைத்துக்கூட, 180 கிராமில் தட்டு அச்சிடலாம். எடை கூடினால் தட்டு கைக்குக் கனமாக இருக்கும். பள்ளத்தில் இருக்கும் ஒலி மாறாது. மோனோ பதிவைச் செயற்கையாக இரண்டாகப் பிரித்த 1960களின் ‘டுயோஃபோனிக்’ வகைப் பதிப்புகளையும் தவிருங்கள். அசல் மோனோவே மேல்.

இனி அந்த ‘ஸ’. எல்லாப் பாட்டிலும் கிழிகிறதா, பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டுமா? வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது. உள் ஓரத்தில் 21 செ.மீ.தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருங்கிக் கிடக்கிறது. கடைசிப் பாட்டில் மட்டும் என்றால் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபாருங்கள். கோணம் பார்க்க உதவும் கோடு போட்ட பேர்வால்ட் அளவுத்தாளில், தட்டின் நடுவிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரண்டு புள்ளிகளிலும் அது கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். உருண்டை முனை ஊசி இங்கே திணறும். மெல்லிய விளிம்புள்ள மைக்ரோலைன் அல்லது ஷிபாட்டா ஊசி சமாளிக்கும். எங்கும் கிழிகிறது என்றால் ஊசியில் தூசு, அல்லது ஊசி தட்டை அழுத்தும் எடை குறைவு. தட்டு தேயக் கூடாது என்று எடையைக் குறைப்பவர்கள்தான் அதிகம் கெடுக்கிறார்கள், ஏனெனில் தத்தளிக்கும் ஊசி பள்ளத்தின் சுவரைச் சிதைத்துவிடும். தயாரிப்பாளர் 1.8 முதல் 2.2 கிராம் என்று சொல்லியிருந்தால், டிஜிட்டல் தராசு வைத்து 2.0 அல்லது 2.1-இல் நிறுத்துங்கள். வலது ஸ்பீக்கரில் மட்டும் கிழிந்தால், ஊசி உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டிங்கைக் கொஞ்சம் கூட்டுங்கள். இவ்வளவும் செய்த பிறகு, நன்றாக அமைத்த வேறொரு டர்ன்டேபிளிலும் அதே சொல்லில் அதே கிழிசல் வந்தால், குறை தட்டிலேயே இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒதுக்கி வைத்த அந்தப் பழைய சி.டி.யை எடுத்துப் போடுங்கள்.